கொடிக்கம்பியும் கடற்கண்ணியும்: 1945இல் பினாங்குக் கடலை வாரியது யார்?

ஜெலுத்தோங் வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் பிறந்து வளர்ந்தவள், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சரித்திரம் நான் படித்த பாடமல்ல. ஆனால் மூன்று வாரமாக ஒரே கேள்வி மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

என் அம்மாவின் அப்பா வெல்டு கீயில் தொங்கான் வேலை செய்தவர். இளையவர்களுக்குத் தொங்கான் என்றால் தெரியாமல் இருக்கலாம். பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலிருந்து மூட்டைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் வயிறு பெருத்த மரப்படகுதான் தொங்கான். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. அவருடைய அண்ணனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் வேண்டியிருந்ததால் தாத்தா தப்பினார் என்று பாட்டி சொல்வார்.

தாத்தா அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். ஜப்பான்காரன் சரணடைந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த நாட்களில், சின்னச் சின்னப் போர்க்கப்பல்கள் ஒரே இடத்தில் போவதும் வருவதுமாக இருந்தனவாம். "ஏர் பூட்டி உழுகிற மாதிரி" என்பார். போன சாலிலேயே மறுபடியும் போகும், மறுநாளும் அதே சாலில் போகும். சில நாட்களில் கப்பலுக்கு வெகு தூரம் பின்னால், பக்கவாட்டில் தள்ளி, ஒரு சிறு கொடி மட்டும் தண்ணீரில் தனியாக ஓடிவரும். வேறு சில நாட்களில் இரண்டு கப்பல்கள் ஜோடி மாடுகளைப் போல ஒன்றையொன்று விலகாமல் போகும், அவற்றின் பின்னால் கரும்பாம்பு போல நீளமாக ஏதோ மிதந்துகொண்டு போகும். கடலில் ஆங்காங்கே கொடிக்கம்பு நட்டிருப்பார்கள். கொல்லைக்கு எல்லை கட்டியது போல இருக்கும் என்பார்.

ஒரு நாள் மத்தியானம் வேலையில்லாமல் தொங்கானின் அடித்தட்டில் படுத்திருந்தாராம். பலகையில் காது பட்டதும் கடலுக்குள்ளிருந்து யாரோ உரலில் நெல் குத்துகிற சத்தம். எழுந்து உட்கார்ந்தால் சத்தம் இல்லை, மறுபடி காதை வைத்தால் கேட்கிறது. பயந்துபோய்க் கூட இருந்தவரை எழுப்பியிருக்கிறார். இருவரும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் தண்ணீர் தென்னை மர உயரத்துக்கு எழும்பியதாம். சத்தம் பிறகுதான் வந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கதவுகள் ஆடின என்று பாட்டியும் சொல்லியிருக்கிறார். செத்து மிதந்த மீனை அள்ள முறத்தோடு ஓடியவர்களில் பாட்டியும் ஒருவர். மரவள்ளிக்கிழங்கையே தின்று நாக்குச் செத்துப்போயிருந்த காலம் அது.

கதையை முடிக்கும்போது தாத்தா எப்போதும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "வெள்ளைக்காரன் விதைச்சதை வெள்ளைக்காரனே அறுத்தான்."

தாத்தா 1994இல் காலமானார். பாட்டியும் போய்விட்டார். இப்போது அந்த வீட்டை விற்கப் போகிறார்கள். சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. என் தாய்மாமா, "அதெல்லாம் அப்பா வயதான காலத்தில் கலந்துகட்டிச் சொன்னது. கடலில் கண்ணிவெடி போட்டவன் ஜப்பான்காரன். தன்னுடைய துறைமுகத்தில் வெள்ளைக்காரன் எதற்குக் கண்ணி போடுவான்? அவன் வந்து கொடியேற்றினான், அத்தோடு சண்டை முடிந்தது" என்று சொல்லிவிட்டார். மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தாத்தா பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

ஆகவே என் கேள்விகள் இவைதான். பினாங்குத் துறைமுகத்தில் கண்ணிவெடி போட்டது யார்? சண்டை முடிந்த பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஏன் கப்பல் ஓட்டினார்கள்? அந்த உரல் சத்தம் என்ன?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. வீட்டின் பின்புறம் மாமரத்துக்கும் அடுப்படிச் சுவருக்கும் இடையே துணி காயப்போட ஓர் இரும்புக் கம்பிக் கயிறு கட்டியிருக்கிறது. "அந்தக் கப்பலில் இருந்து வந்தது" என்று தாத்தா சொல்வார். மகா பொல்லாத கம்பி. தெரியாமல் கையை இழுத்தால் தோலை உரித்துவிடும், எத்தனையோ சேலைகளைக் கிழித்திருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின வாரம் தாத்தா அதற்குக் கிரீஸ் பூசுவார். பாட்டி திட்டிக்கொண்டே பழைய வேட்டியைக் கிழித்து அதன்மேல் சுற்றுவார். அடுத்த வாரம் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துக்கொள்வார் என்று மாமா சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:

சகோதரி, உங்கள் தாத்தா சொன்னதில் பெரும்பகுதி உண்மை. மாமாவும் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு இருபது வருடமாக மலாயாவின் போர்க்காலத்தைப் படித்துவருகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் தன் துறைமுகத்தில் எதற்குக் கண்ணி போடுவான் என்று மாமா கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அப்போது அது அவனுடைய துறைமுகமாக இல்லை. 1941 டிசம்பரில் பினாங்கைக் கைவிட்டபோது ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போனார்கள். நம்மவர்களையும் சீனர்களையும் மலாய்க்காரர்களையும் குண்டுக்கு நடுவே விட்டுவிட்டுப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் எம். சரவணமுத்து, ஓர் இலங்கைத் தமிழர். இதை எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

அதன் பிறகு பினாங்கு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாயிற்று. 1943 ஜூலை முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் வந்து சேர்ந்தன. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பினாங்கு வரை வந்தார்கள். இந்துமாக்கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டு இங்கே வந்து ஓய்வெடுத்தார்கள். பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் வெளியே பதுங்கி நின்று வேட்டையாடின. 1943 நவம்பரில் 'டாரஸ்' ஜப்பானின் ஐ-34 நீர்மூழ்கியைப் பினாங்குக்கு வெளியே மூழ்கடித்தது. 1944 ஜனவரியில் 'டாலிஹோ' குமா என்ற போர்க்கப்பலை வீழ்த்தியது. 1944 செப்டம்பரில் 'டிரெஞ்சன்ட்' ஜெர்மனியின் யு-859ஐப் பினாங்கு வாசலிலேயே முடித்தது.

உங்கள் தாத்தா சொன்ன விதைப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது. 1944 அக்டோபர் 27ஆம் தேதி வங்காளத்தின் டிக்ரி விமானத்தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 159ஆம் அணி கிளம்பியது. மொத்தம் 15 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள். போக வர 3,000 மைலுக்கு மேல். அந்த விமானம் அவ்வளவு தூரம் பாரத்தோடு பறக்கும் என்று அதுவரை யாரும் நம்பவில்லை. அணித்தலைவர் ஜேம்ஸ் பிளாக்பர்ன் எடையைக் குறைத்து, எரிபொருளைச் சிக்கனப்படுத்தி அதைச் சாதித்துக் காட்டினார். அவர்கள் கொண்டுவந்தது ஊர்மேல் போடும் குண்டு அல்ல. பினாங்கு நீர்வழியில் கண்ணிகளைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகும் வந்து போட்டார்கள். 1945 ஜனவரியில் 'போர்பஸ்' என்ற நீர்மூழ்கியும் பினாங்கு அருகே கண்ணி இட்டது. அது ஊர் திரும்பவில்லை. அந்தப் போரில் பிரிட்டன் இழந்த கடைசி நீர்மூழ்கி அதுதான். கண்ணிகளின் தொல்லையால் ஜெர்மன்காரர்கள் பினாங்கை விட்டுப் பத்தாவியாப் (இன்றைய ஜகார்த்தா) பக்கம் நகர்ந்தார்கள்.

இந்தக் கரையோரத்தில் ஜப்பானியர்களும் கண்ணி போட்டார்கள், அந்த அளவில் மாமா சொன்னது சரி. ஆனால் துறைமுக வாசலை அடைத்தது வெள்ளைக்காரன் வானத்திலிருந்து போட்ட விதை.

கொடியேற்றியதோடு சண்டை முடிந்ததா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். போர் முடியச் சரியாக மூன்று வாரம் இருக்கும்போது, 1945 ஜூலை 24 முதல் 26 வரை, பூக்கெட் தீவுக்கு அருகே கண்ணிகளைத் தேடி அகற்றும் பிரிட்டிஷ் கண்ணிவாரிக் கப்பல்கள் வேலை செய்துகொண்டிருந்தன. முதல் நாளே 'ஸ்குவிரல்' கண்ணியில் மோதி மூழ்கியது. மூன்றாம் நாள் 'வெஸ்டல்' மீது ஜப்பானியத் தற்கொலை விமானம் ஒன்று வந்து விழுந்தது. காப்பாற்ற முடியாமல் அந்தக் கப்பலை அவர்களே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. நம் கடல்களுக்குக் கண்ணி வார வந்தவர்களின் நிலை அதுதான். ஹிரோஷிமா, நாகசாகி, சரணாகதி எல்லாம் அடுத்த இருபது நாட்களுக்குள் நடந்துவிட்டன, ஆனால் கடலில் கிடந்த கண்ணிகள் அப்படியே கிடந்தன.

ஆகஸ்ட் 28ஆம் தேதி பிரிட்டிஷ் வைஸ் அட்மிரல் வாக்கரின் கப்பல்கள் பினாங்குக்கு வெளியே வந்து நின்றன. தோக்கியோ விரிகுடாவில் ஜப்பானின் சரணாகதி கையெழுத்தாகும்வரை எங்கும் தரையிறங்கக் கூடாது என்று அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் கட்டளையிட்டிருந்ததால் காத்திருந்தார்கள். செப்டம்பர் 2 மாலை 'நெல்சன்' போர்க்கப்பலில் ஜப்பானிய ரியர் அட்மிரல் உவோசுமி பினாங்கின் சரணாகதியில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் உங்கள் தாத்தா வேலை செய்த அதே வெல்டு கீயில் இறங்கினார்கள். மலாயாவில் முதலில் மீட்கப்பட்ட இடம் பினாங்குதான்.

கப்பல்கள் ஏன் ஒரே சாலில் ஓடின, உரல் சத்தம் என்ன என்பதெல்லாம் என் அறிவுக்கு அப்பாற்பட்டவை. இந்தக் குழுவில் கொடிமிதவை ஐயா இருக்கிறார். அவர் கண்ணில் பட்டால் நல்லது.

பிறைக்காரி:

அக்கா, உங்கள் பாட்டியின் முறத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நாங்கள் எதிர்க்கரையில், பிறையில். என் அப்பாயி இதே மீன் கதையைச் சொல்வார். மீன் மிதந்த அன்று தெருவே மணத்ததாம். புளியும் மிளகாயும் யாரிடமும் சரியாக இல்லை, உப்புப் போட்டு அவித்தே தின்றோம் என்பார். அடுத்த நாள் எல்லோரும் கரைக்குப் போய் இன்னொரு வெடிக்காகக் காத்திருந்தார்களாம், ஒன்றும் வெடிக்கவில்லை. ஜப்பான் நோட்டுக்கு மதிப்பில்லாமல் போய், கையில் ஒரு காசும் இல்லாத சமயம் அது. வாழைமரப் படம் போட்ட அந்த நோட்டை வைத்து நாங்கள் கடை வைத்து விளையாடினோம் என்று என் அத்தை சொல்வார்.

உரல் சத்தம் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. கம்பியை இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கொடிமிதவை:

அன்புள்ள மகளே, கம்பியைக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

நான் மலேசியக் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். எழுபதுகளில் பழைய 'ஜெராய்' கப்பலின் பின்தளத்தில் வேலை செய்தேன். நம்மிடம் வருமுன் அது பிரிட்டிஷ்காரர்களின் 'டில்ஸ்டன்'. உடம்பு முழுவதும் மரப்பலகை. காந்தக் கண்ணிக்கு இரும்பு தெரியக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். நம் கண்ணிவாரிகளுக்கு மகாமேரு, லேடாங், கினபாலு என்று மலைகளின் பெயர்தான் வைப்பது வழக்கம். 1945இல் வந்தவர்களுக்கும் எங்களுக்கும் முப்பது வருட இடைவெளி இருந்தாலும் வேலை ஏறக்குறைய அதேதான். அதனால் உங்கள் தாத்தா சொன்ன ஒவ்வொன்றையும் நான் கண்ணால் பார்த்தது போலவே உணர்கிறேன்.

தனியாக ஓடிவந்த கொடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கண்ணிகளில் ஒரு வகை, அடியில் பாரம் கட்டி, சங்கிலியிலோ கம்பியிலோ காற்றாடி போல நீருக்குள் மிதந்துகொண்டிருக்கும். கப்பல் முட்டினால் வெடிக்கும். அதை வார ஒரு நீண்ட கம்பியைப் பின்னால் இழுப்போம். கம்பியின் முனையில் மீன் வடிவத்தில் ஒரு மிதவை, அதன் முதுகில் ஒரு சிறு கொடி. மிதவைக்குக் கீழே கதவு போன்ற ஒரு சட்டகம் தொங்கும். அது தண்ணீரை எதிர்த்துக்கொண்டு கம்பியைக் கப்பலுக்குப் பக்கவாட்டில் வெகு தூரம் தள்ளிக்கொண்டு போகும். கப்பலை ஒட்டி இன்னொரு சட்டகம் கம்பியைக் கீழே அமுக்கிப் பிடிக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஓரோப்பேசா என்று பெயர். 1919இல் இதைச் சோதித்துப் பார்த்த மீன்பிடிக் கப்பலின் பெயர் அது. கரையிலிருந்து பார்க்கிறவருக்குக் கம்பி தெரியாது. கொடி மட்டும் யாரும் இழுக்காமல் தானாக ஓடுவது போல இருக்கும். உங்கள் தாத்தா பார்த்தது அதைத்தான்.

அந்தக் கம்பி சாதாரணக் கம்பி அல்ல. கண்ணியைக் கட்டியிருக்கும் கம்பியை அறுக்க வேண்டுமே. ஆகவே அதன் சில இழைகளை மற்ற இழைகளுக்கு எதிர்த்திசையில் முறுக்கியிருப்பார்கள். கம்பி முழு நீளத்துக்கும் அரம் போல இருக்கும். ஓடுகிற ஓட்டத்தில் கண்ணியின் கட்டை அறுத்துவிடும், கண்ணி மேலே வந்து மிதக்கும். துப்பாக்கியால் சுட்டு ஓட்டை போட்டு மூழ்கடிப்பார்கள், சில சமயம் வெடித்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கையுறை போடாமல் அந்தக் கம்பியைத் தொட்டேன். இடது உள்ளங்கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. நீங்கள் "மகா பொல்லாத கம்பி, தோலை உரித்துவிடும்" என்று எழுதிய இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தேன்.

அடுத்தது ஜோடிக் கப்பலும் கரும்பாம்பும். விமானத்திலிருந்து போடும் கண்ணி மேலே மிதக்காது, கடலடியில் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குக் கட்டுக் கம்பியும் கிடையாது. கம்பியை இழுத்துக்கொண்டு ஆயிரம் தடவை போனாலும் அது அகப்படாது. மேலே போகும் கப்பலின் இரும்பு காந்த ஊசியை அசைத்தால்தான் வெடிக்கும். அதை ஏமாற்றப் பொய்க் கப்பல் ஒன்றைக் காட்ட வேண்டும். இரண்டு கப்பல்கள் இணையாகப் போகும். ஒவ்வொன்றும் தடித்த மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு போகும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. மிதப்பதற்காகவே செய்த கறுப்புக் கம்பி அது. அதில் விட்டு விட்டு மின்சாரம் பாய்ச்சினால், உப்புத் தண்ணீர் வழியாக அது ஓடி, கீழே காந்தப் புலம் உண்டாகும். பெரிய கப்பல் வருகிறது என்று நம்பிக் கண்ணி வெடிக்கும். இரண்டு கப்பல்களும் இடைவெளி மாறாமல் போக வேண்டும். ஜோடி மாடு என்று சொன்னாரே உங்கள் தாத்தா, எங்களுக்குப் பாடம் நடத்திய அதிகாரிகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

உரல் சத்தம் அடுத்தது. சில கண்ணிகளுக்குக் காது உண்டு, கப்பலின் சுழலி சத்தத்தைக் கேட்டு வெடிப்பவை. அவற்றுக்காகக் கப்பலின் முன்புறம் ஒரு பெட்டியைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். உள்ளே மின்சாரத்தால் இயங்கும் சுத்தியல் ஒன்று இடைவிடாமல் அடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் சத்தம் வெகு தூரம் போகும். மேலே நின்றால் கேட்காது, மரப்படகின் அடித்தட்டில் காதை வைத்தால் நன்றாகக் கேட்கும். இதைக் கற்பனை செய்து சொல்ல முடியாது, மகளே. படுத்துக் கேட்டவருக்குத்தான் தெரியும்.

ஏன் அதே சாலில் மறுபடியும் மறுபடியும்? கண்ணிக்குள் ஓர் எண்ணி வைத்திருப்பார்கள். முதல் கப்பலை விட்டுவிடும், இரண்டாவதையும் விட்டுவிடும், ஐந்தாவதோ எட்டாவதோ வரும்போது வெடிக்கும். எத்தனையாவது என்பது ஒவ்வொரு கண்ணிக்கும் வேறு. ஒரு முறை போய் ஒன்றும் வெடிக்கவில்லை என்றால் பாதை சுத்தம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் உழுத சாலையே திரும்ப உழுதார்கள். வாரி முடித்த பாதைக்கு இருபுறமும் கொடி கட்டிய மிதவைகளைப் போட்டு எல்லை காட்டுவார்கள். இந்தக் குழுவில் நான் வைத்துக்கொண்ட பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அரிசிக் கப்பல் வெளியே நிற்க, தொங்கான் மட்டும் ஏன் போய்வந்தது என்று யாராவது கேட்டால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கும். மரத் தொங்கானைக் காந்தக் கண்ணி கண்டுகொள்வதில்லை. இரும்புக் கப்பலுக்கு மூடியிருந்த வாசல் உங்கள் தாத்தாவுக்குத் திறந்திருந்தது. ஆனாலும் கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே அதன்மேல் படகை ஓட்டி ஊருக்கு மூட்டை கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். தடித்த துணியால் கையைச் சுற்றிக்கொண்டு, கம்பியில் ஓர் இடத்தில் மட்டும் பாட்டி சுற்றிய துணியை விலக்கிப் பாருங்கள். கிரீஸைத் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள். எல்லா இழைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது சாதாரணக் கப்பல் கம்பி. சில இழைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் எனக்கு எழுதுங்கள்.

ஜெலுத்தோங் வாசகி:

ஐயா, நேற்றுப் பள்ளி முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்குப் போனேன். மாமாவும் இருந்தார். உங்கள் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாமரத்துப் பக்கம் ஒரு முழ நீளத்துக்குத் துணியைப் பிரித்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ சுற்று. மேலே நீலக் கரை போட்ட வேட்டி, அதற்குக் கீழே சாயம் போன ஒரு சேலைத் துண்டு, அதற்குக் கீழே எது என்று அடையாளம் தெரியாத கந்தல். கடைசிச் சுற்று கிரீஸில் ஊறித் தோல் போல ஆகியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கம்பி என் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். மேல்பக்கம் பழுப்பேறியிருந்தாலும் இடுக்குகளில் இன்னும் வெள்ளியாக மின்னுகிறது.

இழைகள் வலப்பக்கமாகச் சாய்ந்து போகின்றன. நடுநடுவே வேறு இழைகள் இடப்பக்கமாக அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. வெட்டுகிற இடமெல்லாம் சின்னச் சின்னப் பல்லாக நிமிர்ந்து நிற்கிறது. நகத்தால் வருடினேன், நகம் பிசிறிவிட்டது.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சின்ன வயதில் இந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்கியதற்கு அப்பா என்னை அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்" என்றார். இரும்புக்காரருக்கு அவரே போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுவரிலிருந்து இன்று சாயங்காலமே கழற்றிவிடலாம் என்கிறார்.

தாத்தா கையில் அது எப்படி வந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

கொடிமிதவை:

மகளே, அது கண்ணி வாரும் கம்பியேதான். இனிச் சந்தேகம் இல்லை. வேலையில் அந்தக் கம்பி அடிக்கடி அறும், தேயும். அறுந்த துண்டு கப்பலுக்கு உதவாது, துறையில் எறிந்துவிடுவார்கள். தொங்கான்காரர் கையில் கிடைக்க அவ்வளவு போதும்.

மாமாவிடம் சொல்லுங்கள், இன்று கழற்ற வேண்டாம். எண்பது வருடம் இழுத்துக் கட்டிய கம்பி, ஒரு முனையை விட்டால் சாட்டை போல வீசும். மரத்தையும் அறுக்க வேண்டாம். கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தால் அங்கே எப்படிப் பிரிப்பது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். பாட்டி சுற்றிய துணியை மேற்கொண்டு பிரிக்காதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும். சனிக்கிழமை காலை லூமுட்டிலிருந்து கிளம்பிப் பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். தோல் கையுறை இரண்டு ஜோடி கொண்டுவருகிறேன், ஒன்று மாமாவுக்கு.